ஐந்து நிமிட அரங்கேற்றம்
திறந்த மேடை நகைச்சுவையின் வரலாறு

அரங்கேற்றம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறினாள். அவ்வரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக நூல்முறைப்படி அளந்து அமைக்கப்பட்டது. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனத் துணை நின்றோர் பலர். அரங்கேற்றத்தின் முடிவில் அவளுக்குத் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் கிடைத்தன. அப்பொன் மன்னன் மனம் நெகிழ்ந்து அளித்த தனிப்பரிசன்று. அரங்கேறிய நாடகக் கணிகைக்கு முறைப்படி உரியது என்பதை இளங்கோவடிகள் தெளிவாகவே சொல்கிறார். முதல் மேடைக்கே ஊதியம் உண்டு என்பதை ஒரு பழைய காப்பியம் விதியாகக் காட்டுகிறது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

இதற்கு நேர்மாறான ஓர் அரங்கேற்றம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் தோன்றி உலகெங்கும் பரவியது. அதற்கு ஆசான் இல்லை, அழைப்பிதழ் இல்லை, பக்கவாத்தியம் இல்லை. மதுக்கூடத்தின் மூலையில் அரையடி உயர மேடை, ஓர் ஒலிவாங்கி, பின்னால் ஒரு சுவர். வாயிலில் வைத்திருக்கும் தாளில் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம். பெயர் அழைக்கப்பட்டதும் ஏறி நின்று மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ தனியாகப் பேசி, முன்பின் அறியாத மக்களைச் சிரிக்கவைக்க வேண்டும். ஸ்டாண்ட்-அப் காமெடி எனப்படும் இத்தனியுரை நகைச்சுவைக்கு இந்தத் திறந்த மேடையே பள்ளிக்கூடம். கவியரங்கில் பாட அழைப்பிதழில் பெயர் இருக்கவேண்டும். இங்கே துணிவு இருந்தால் போதும். திருவள்ளுவர் அவையறிதலையும் அவையஞ்சாமையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக வைத்தார். திறந்த மேடையில் ஏறும் புதியவருக்கு இரண்டாவது மட்டுமே முதல்நாளில் கைவசம் இருக்கும். முதலாவது அடிபட்டே வரவேண்டும்.

கூத்தின் கட்டியங்காரனையும் வில்லிசைப் புலவரையும் இக்கலையின் முன்னோராகக் காட்டிப் பெருமை கொள்வோர் உண்டு. அது வரலாறாகாது. கட்டியங்காரனுக்குப் பின்னால் ஒரு கதையும் ஒரு குழுவும் நிற்கின்றன. தனியுரை நகைச்சுவையாளர் தம் வாழ்க்கையையே பொருளாக்கித் தாமாகவே நின்று பேசுகிறார். இக்கலையின் வேர்களை அது பிறந்த மண்ணிலேயே தேடவேண்டும்.

நியூயார்க் நகரின் பௌவரி தெருவில் இருந்த மைனர் நாடகக் கொட்டகையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பயிலுநர் இரவு என ஒன்று நடத்தப்பட்டது. தொழில்முறைக் கலைஞரல்லாதார் ஏறி ஆடலாம், பாடலாம், நகைச்சுவை பேசலாம். அவையினர்க்குப் பிடிக்காவிட்டால் மேடையின் பக்கவாட்டிலிருந்து ஒரு நீண்ட கோல் நீளும். அதன் நுனியில் வளைந்த கொக்கி. நம் ஊரில் முருங்கைக்காய் பறிக்கும் துறட்டியைப் போன்ற அக்கருவி, பாடிக்கொண்டிருப்பவரின் கழுத்திலோ இடையிலோ மாட்டி அவரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மக்கள் பாட்டைக் கேட்க வந்தார்களா, துறட்டியைக் காண வந்தார்களா என்பது ஐயத்திற்குரியது.

1934-இல் ஆர்லம் பகுதியின் அப்போலோ அரங்கில் ரால்ப் கூப்பர் புதன்கிழமைதோறும் நடத்திய பயிலுநர் இரவு இதனினும் புகழ்பெற்றது. மேடையேறுவோர் ‘நம்பிக்கை மரம்’ எனப்பட்ட ஒரு மரத்தின் அடித்துண்டைத் தொட்டுவிட்டு அவையின் முன் வருவர். அவை வெறுத்தால் ‘தண்டனை நிறைவேற்றுவோன்’ என்ற பெயரில் ஒருவர் கோமாளிக் கோலத்தில் வந்து அவரை விரட்டுவார். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நடனமாடும் எண்ணத்தோடு வந்தாள். தனக்கு முன் ஆடியவர்களின் திறம் கண்டு அஞ்சி, ஆடாமல் பாடினாள். முதற்பரிசு 25 டாலர் அவளுக்குக் கிடைத்தது. பின்னாளில் உலகப்புகழ் பெற்ற எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் அவரே. இந்த 25 டாலர் என்னும் எண், நகைச்சுவை மேடையின் வரலாற்றில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வருகிறது.

தனியுரை நகைச்சுவைக்கெனத் தனி மேடை உருவானது பிற்காலத்தில்தான். நகைச்சுவையாளர்கள் வாடெவில் கொட்டகைகளிலும், இரவு விடுதிகளிலும், ஆடலுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட நேரத்தை நிரப்புவோராகவே நெடுங்காலம் இருந்தனர். அம்மேடைகளுக்குள் வெளியார் நுழைவது அரிது; பெண்கள் நுழைவது அரிதினும் அரிது. 1955 மார்ச்சு 7 அன்று சான்பிரான்சிஸ்கோவின் பர்ப்பிள் ஆனியன் என்னும் சிறு நிலவறை விடுதியில் பிலிஸ் டில்லர் முதன்முதலாகத் தொழில்முறை மேடையேறியபோது அவருக்கு வயது 37. ஐந்து குழந்தைகளின் தாய். வானொலி நிலையத்தில் விளம்பர வாசகம் எழுதியவர். சமையலறையையும் கணவரையும் தம் தோற்றத்தையுமே நகைப்பொருளாக்கினார். இரண்டு வாரத்திற்கென்று தொடங்கிய அந்நிகழ்ச்சி ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக நீண்டது. குடும்பத்தைத் தாங்கிய நடுவயதுப் பெண் ஒருத்தி வீட்டு வேலையின் சலிப்பைப் பொதுமேடைப் பொருளாக்கியதைப் பெண்ணெழுத்தின் வரலாற்றிலும் வைத்துப் பேசலாம். இதுவரை அவ்வாறு பேசியோர் சிலரே.

1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கிரீன்விச் கிராமப் பகுதியில் நாட்டுப்புறப் பாடகர்களின் காப்பிக்கடைகள் பெருகின. கெர்ட்ஸ் ஃபோக் சிட்டி போன்ற இடங்களில் திங்கட்கிழமை இரவுகள், வந்தவர் எவரும் பாடலாம் என்று திறந்துவிடப்பட்டன. திங்கட்கிழமை வணிகம் மந்தமான நாள் என்பதே இதற்கு எளிய காரணம். பணம் கொடுத்துப் பாடகரை அழைக்க இயலாத நாளில் பணமில்லாப் பாடகர் போதும். திறந்த மேடையின் தாராளத்திற்குள் இக்கணக்கும் முதலிலிருந்தே இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

1963-இல் பட் ஃபிரீட்மன் நியூயார்க்கின் 44ஆம் தெருவில் ‘இம்ப்ரொவிசேஷன்’ என்னும் காப்பிக்கடையைத் திறந்தார். நாடகம் முடிந்து வரும் பிராட்வே நடிகர்கள் அமர்ந்து பாடிப் பேசிச் செல்ல ஓர் இடம் என்பதே அவரது எண்ணம். மெல்ல மெல்ல நகைச்சுவையாளர்கள் அவ்விடத்தைத் தமதாக்கிக் கொண்டனர். சுவரில் இருந்த பலகைகளைப் பெயர்த்தபோது பூசப்படாத செங்கல் தெரிந்தது, பூசுவதற்குப் பணமில்லை, அப்படியே விட்டுவிட்டார். அன்றுமுதல் செங்கற்சுவர் இக்கலையின் திரைச்சீலையாயிற்று. வறுமையால் நேர்ந்த அச்சுவரைப் பின்வந்தோர் பணம் செலவழித்துப் போலியாகக் கட்டியது அக்கலையின் நகைச்சுவைகளுள் ஒன்று.

கதையின் மையம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இருக்கிறது. 1972 ஏப்ரலில் நகைச்சுவையாளர் சாமி ஷோரும் எழுத்தாளர் ரூடி டி லூகாவும் சன்செட் பெருந்தெருவில், முன்னர் சீரோஸ் என்னும் ஆடம்பர விடுதி இருந்த கட்டடத்தில், ‘காமெடி ஸ்டோர்’ என்னும் அரங்கைத் தொடங்கினர். அதே ஆண்டு மே மாதம் ஜானி கார்சனின் ‘டுநைட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிசை ஒட்டிய பர்பாங்குக்கு இடம்பெயர்ந்தது. கார்சனின் நிகழ்ச்சியில் ஆறு நிமிடம் தோன்றினால் ஒருவரின் வாழ்க்கையே மாறிவிடும் என்ற காலம் அது. நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் பழைய கார்களில் மேற்கு நோக்கி வந்தனர்.

சில ஆண்டுகளில் மணமுறிவை ஒட்டி அரங்கு மிட்சி ஷோரின் கைக்கு வந்தது. அவர் மேடையேறி நகைச்சுவை பேசியவரல்லர். ஆனால் யார் பேசத் தக்கவர் என்பதை அறிந்தவர். சுவர்களுக்குக் கருப்பு வண்ணம் பூசி, பேசுபவர் மேல் மட்டும் ஒளி விழச் செய்தார். திங்கட்கிழமை இரவில் புதியவர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்துச் சில நிமிடம் பேசுவர். அவருக்குப் பிடித்துவிட்டால் மற்ற நாள்களில் நேரம் கிடைக்கும். யார் எந்த மணிக்கு ஏறுவது என்பதை அவரே எழுதுவார். இண்டியானா மாநிலத்தில் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளராக இருந்த டேவிட் லெட்டர்மேன் 1975-இல் இம்மேடைக்கு வந்தவர். ஜே லெனோ, ராபின் வில்லியம்ஸ் முதலியோரும் இங்கே வளர்ந்தவர்களே. 1978-இல் பெண் நகைச்சுவையாளர்க்கென மாடியில் ‘பெல்லி ரூம்’ என்னும் சிற்றரங்கையும் அவர் திறந்தார். பெண்களை ஒதுக்கிவிட்டார் என்று குறைகூறியோரும் உண்டு. பெண்கள் பேச வேறு மேடை இல்லாத காலத்தில் அக்குறை முழு நியாயமுடையதாகத் தோன்றவில்லை.

அங்கே பேசியவர்களுக்கு ஊதியம் இல்லை. இது கல்லூரி, இங்கே நீங்கள் பயில்கிறீர்கள் என்பது மிட்சி ஷோரின் நிலைப்பாடு. அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. தோற்கும் உரிமையை அளிக்கும் இடம் கலைஞனுக்கு அரிது. தோற்பவனுக்குக் கூலி கொடு என்று கேட்பது எங்ஙனம்? ஆனால் அரங்கு விரிவடைந்தது. வெஸ்ட்வுட்டிலும் லா ஹோயாவிலும் கிளைகள் தோன்றின. புகழ்பெற்றவர்களுக்குப் பணம் கொடுத்து நடத்திவந்த பெரிய அரங்கில், அவர்களுக்குப் பதிலாக இந்தப் பயிலுநர்களே கட்டணம் செலுத்திய கூட்டத்தைச் சிரிக்கவைத்தனர். மது பரிமாறியவருக்குக் கூலி உண்டு. கார் நிறுத்தியவருக்குக் கூலி உண்டு. மக்கள் எவருக்காக வந்தார்களோ அவருக்கு இல்லை. வீடு திரும்பக் காருக்கு எரிபொருள் வாங்கக்கூடப் பணமின்றிப் பலர் இருந்தனர். பயிலுநர் எந்த இடத்தில் தொழிலாளி ஆகிறார் என்ற வினா அப்போதுதான் எழுந்தது.

1979 மார்ச்சு இறுதியில் நகைச்சுவையாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். டாம் டிரீசன் அவர்களின் பேச்சாளர். எதுகைபட எழுதிய முழக்க அட்டைகளோடு சன்செட் பெருந்தெருவில் மறியல் நடந்தது. அதற்குள் கார்சனின் நிகழ்ச்சியில் தோன்றிவிட்டதால் இந்த மேடையின் தேவை நீங்கிவிட்ட லெட்டர்மேனும் மறியலில் நின்றார். எல்லோரும் நிற்கவில்லை, கேரி ஷாண்ட்லிங் போன்ற சிலர் மறியலைக் கடந்து உள்ளே சென்று பேசினர். நண்பர்கள் நண்பர்களோடு பேசாமற் போயினர். ஃபிரீட்மன் மெல்ரோஸ் தெருவில் நடத்திவந்த மற்றோர் அரங்கு அக்காலத்தில் தீவிபத்துக்குள்ளாயிற்று. ஏறத்தாழ ஆறு வாரத்திற்குப் பின், மே மாதத் தொடக்கத்தில், உடன்பாடு ஏற்பட்டது. ஒரு முறை மேடையேறினால் 25 டாலர்.

1934-இல் அப்போலோவின் பயிலுநர் பெற்ற அதே 25 டாலர். இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் விலைவாசி ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. ஆதலால் மதிப்பில் அது அப்பரிசின் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆயினும் முன்னது ஒருவருக்கு மட்டும் கிடைத்த பரிசு; பின்னது ஏறியவர்க்கெல்லாம் உரிய கூலி. சோழ மன்னன் அவையில் முறையாக இருந்த ஒன்றை, சன்செட் பெருந்தெருவில் மறியல் செய்து பெறவேண்டியிருந்தது.

உடன்பாட்டிற்குப் பின்னும் கசப்பு நீங்கவில்லை. வேலைநிறுத்தத்தில் நின்ற தமக்கு மேடை நேரம் மறுக்கப்படுவதாகச் சிலர் உணர்ந்தனர். அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் லுபெட்கின் 1979 ஜூன் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தாம் முன்பு காமெடி ஸ்டோரில் பணிசெய்தவர் என்று அவர் எழுதி வைத்திருந்தார். ‘பணி’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தியதுதான் வழக்கின் சாரம். ஒரு மனிதனின் சாவுக்கு ஒரே காரணம் காட்டுதல் முறையன்று. எனினும் அந்த வேலைநிறுத்தத்தை வேடிக்கைக்காரர்களின் வேடிக்கை என்று எழுதிய பத்திரிகைகளுக்கு அச்செய்தி வேறொன்றைச் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கே மறியல் முடிந்த இரண்டு வாரத்தில், அதே பெயருடைய அரங்கு கடல்கடந்து திறக்கப்பட்டது. பீட்டர் ரோசன்கார்ட் என்னும் காப்பீட்டு விற்பனையாளர் 1978-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கைக் கண்டு வியந்து, லண்டன் சோஹோ பகுதியில் ஆடையவிழ் நடன விடுதி நடத்திவந்த டான் வார்டுடன் சேர்ந்து, 1979 மே 19 அன்று லண்டன் காமெடி ஸ்டோரைத் தொடங்கினார். அம்மாதம் 4ஆம் நாள்தான் மார்கரெட் தாட்சர் பிரதமர் ஆகியிருந்தார். தொடக்கத்திலிருந்தே தொகுப்பாளராக இருந்தவர் அலெக்ஸி சேல். லிவர்பூல் நகரில் பொதுவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். அவரது பக்கத்தில் ஒரு சேகண்டி. நம் கோயில்களில் தட்டும் அதே வகை வெண்கலத் தட்டு. பேசுபவர் சலிப்பூட்டினால் அவையினர் கத்துவர், சேகண்டி ஒலிக்கும், பேசுபவர் இறங்கவேண்டும். பௌவரியின் துறட்டி லண்டனில் ஒலிவடிவம் பெற்றது எனலாம். அமெரிக்க அரங்குகளின் முறை இன்னும் மென்மையானது: நேரம் முடியப்போவதை உணர்த்த ஒரு சிறு விளக்கு எரியும். அவைக்கு அது தெரிந்தாலும் கருத்தில் படாது; பேசுபவருக்கு மட்டும் அது எமனின் கண்.

அக்கொடிய சேகண்டியின் முன்தான் ஆங்கில நகைச்சுவையில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. தொல்காப்பியர் நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறி, எள்ளலை முதலில் வைத்தார். எள்ளல் என்பது பிறரைத் தான் எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரை. இங்கிலாந்தின் தொழிலாளர் மன்றங்களில் அதுவரை வழங்கியது பெரும்பாலும் முதல்வகை: மாமியார், ஐரிஷ்காரர், குடியேறிய கறுப்பர், ஆசியர். சேலும் டோனி ஆலனும் அவர்களைச் சார்ந்தோரும் இனவெறியும் பெண்ணிழிவும் இல்லாத நகைச்சுவை என்பதைக் கொள்கையாக அறிவித்தனர். ஆலன் அதே ஆண்டு ‘ஆல்டர்னேட்டிவ் காபரே’ என்னும் குழுவைத் தொடங்கினார். ஹைடு பூங்காவின் பேச்சாளர் மூலையில், உரிமையாளரோ வாயிற்காவலரோ இல்லாத மேடையில், பேசிப் பழகியவர் அவர் என்பது தற்செயலன்று. 1980-இல் பீட்டர் ரிச்சர்ட்சன் முதலியோர் பிரிந்து ‘காமிக் ஸ்டிரிப்’ என்னும் அரங்கைத் தொடங்கினர். தொலைக்காட்சி அவர்களைத் தேடி வந்தது. பழைய மன்றங்களில் நுழைவதற்குத் துணுக்குகளும் முகவரும் வேண்டும். திறந்த மேடையில் எவரும் ஏறலாம் என்பதனால்தான், இதுவரை எள்ளப்பட்டவர் தம் வாயால் பேசத் தொடங்கினர்.

அவை எப்போதும் அன்பாக இருக்கவில்லை. 1984 முதல் 1988 வரை லண்டன் கிரீன்விச்சில் மால்கம் ஹார்டி நடத்திய ‘டனல்’ என்னும் ஞாயிறு இரவு அரங்கு அதன் கூச்சலுக்கே பெயர்பெற்றது. புதியவர்களைச் சொல்லாலும் சில வேளை எறிபொருளாலும் வீழ்த்துவதைக் கூட்டம் விளையாட்டாகவே கொண்டது. அத்தகைய அவைகளில் பெண்ணொருத்தி ஏறினால் அவள் உடலைப் பற்றிய கூச்சலே முதல் வரவேற்பு. மனநல மருத்துவமனையில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் செவிலியாகப் பணியாற்றிய ஜோ பிராண்ட், ‘கடல் பூதம்’ எனப் பொருள்படும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டு மேடையேறினார். அவையினர் எறியவிருந்த சொல்லை முந்திக்கொண்டு தாமே எடுத்து அணிந்துகொண்ட செயல் அது. பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை எள்ளல் அங்கே ஒரு கேடயமாயிற்று. அக்கேடயம் ஏந்தவேண்டிய தேவை ஆண்களுக்கு அவ்வளவாக நேர்ந்ததில்லை.

லண்டன் அரங்கின் கிளை 2010-இல் மும்பையின் லோயர் பரேலில் திறக்கப்பட்டு, சில ஆண்டுகளில் வேறு பெயர் பெற்றது. சென்னையில் 2003-இல் நாடகக் குழுவாகத் தொடங்கிய ‘எவம்’ பின்னர்த் தனியுரை நகைச்சுவைக்கும் களம் அமைத்தது. அமெரிக்காவில் கணிப்பொறித் துறையில் பணியாற்றிவந்த அலெக்சாண்டர் பாபு தமிழிலேயே நிகழ்த்திய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லாண்ட்’ 2019-இல் இணையவழித் திரையில் வெளிவந்தது. தமிழ் மேடையில் இக்கலை இன்னும் இளமையானது. இதுபற்றித் தீர்ப்புக் கூறும் காலம் வரவில்லை.

பொதுவாகத் திறந்த மேடையில் ஏறுவோர்க்கு இன்றும் ஊதியம் இல்லை. நியூயார்க்கில் ‘அழைத்து வருவோர் நிகழ்ச்சி’ எனப்படும் ஒரு முறை உண்டு. ஐந்து நிமிடம் பேசவேண்டுமானால் நுழைவுக் கட்டணமும் மதுவின் விலையும் தரக்கூடிய இத்தனை நண்பர்களைப் புதியவர் கூட்டிவர வேண்டும். கூட்டிவராதவருக்கு மேடை இல்லை. சில இடங்களில் ஒரு குவளை பானமாவது வாங்கினால்தான் தாளில் பெயர் எழுதலாம். சம்பளமில்லாப் பயிலுநர் என்ற நிலையிலிருந்து சம்பளம் தந்து பயில்பவர் என்ற நிலைக்குக் கலை வந்துவிட்டதை எண்ணினால், 1979-இல் வென்றவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

எடின்பரோ நகரின் ஆகஸ்டு விழாவில் இதற்கொரு மாற்று உருவாயிற்று. அங்கே நிகழ்ச்சி நடத்துவோர் கூடத்திற்குப் பெருந்தொகை வாடகை கொடுத்துக் கடனாளியாவது வழக்கமாகிவிட்டிருந்தது. 1996-இல் பீட்டர் பக்லி ஹில் என்னும் நகைச்சுவையாளர் ‘கட்டணமில்லா விழா’வைத் தொடங்கினார். மதுக்கூடத்தார் இடத்தை வாடகையின்றித் தருவர். அவையினர் கட்டணமின்றி நுழைவர். பேசுவோர் எவருக்கும் எதுவும் செலுத்த வேண்டுவதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பேசியவரே வாயிலில் ஒரு வாளியை ஏந்தி நிற்பார். வெளியே செல்பவர்கள் தம் மனத்திற்குப் பட்டதை அதில் இடுவர். அவர் நாணயங்களை எண்ணி முடிப்பதற்குள், அடுத்து அதே மேடையில் ஏறவேண்டியவர் உள்ளே ஒலிவாங்கியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்.